வாய்க்கால் கரையும் சுரங்க ரயிலும்

டயரில் காற்று இருக்கிறது, சாலை காலியாக இருக்கிறது, கால்களில் தெம்பும் இருக்கிறது. இருந்தும், எதிரே வருவது இன்ன தெரு என்ற ஒரே காரணத்துக்காக, ஓட்டிவந்த சைக்கிளிலிருந்து நீங்கள் என்றைக்காவது இறங்கியிருக்கிறீர்களா?

இறங்கியதில்லை என்றால் கலைமகளின் பொறாமை உங்களுக்கு முதலில் சின்னத்தனமாகத் தெரியும். தெரியட்டும். கூடப் பிறந்த தங்கையைப் பார்த்து, அதுவும் அவள் ஏறிப்போகும் ரயிலைப் பார்த்து வயிறெரிகிறவள் பெரிய மனுஷியாகத் தெரிய மாட்டாள்தான்.

அவள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால், "ஓ, அந்த ஊரா" என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகக் கொட்டாவி விட்டுவிடுவார்கள். சுற்றிலும் வயல். ஊருக்கு நடுவில் மேலத்தெரு, தெருவுக்கு நடுவில் கோயில். தெருவின் கிழக்கு முனையைத் தாண்டினால் காலனி. கலைமகள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். காலனியிலிருந்து நீடாமங்கலம் போகும் தார்ச்சாலை மேலத்தெரு வழியாகத்தான் போகிறது. பஞ்சாயத்துப் பணத்தில், அதாவது எல்லோருடைய பணத்திலும் போட்ட சாலை.

காலனிக்காரர்கள் மேலத்தெரு முனையில் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். கோயிலைத் தாண்டித் தெருவின் மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே ஏறிக்கொள்வார்கள். மொபெட் வைத்திருப்பவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளுவார்கள். யாரும் அதட்டுவதில்லை. அறிவிப்புப் பலகையும் கிடையாது. வெளியூரிலிருந்து வந்தவர் யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "நாங்க யாரையும் இறங்கச் சொல்றதில்லீங்க. சாமிக்கு மரியாதைன்னு அவங்களா இறங்குறாங்க." அதே சாமியின் வாசலில் மேலத்தெருப் பிள்ளைகள் ஒரு பைக்கில் மூன்று பேராக ஹாரன் அடித்துக்கொண்டு போனால் மரியாதைக்கு ஒன்றும் ஆவதில்லை. எந்தச் சக்கரம் யாருடையது என்று அந்தச் சாமிக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

கலைமகளின் அப்பா மேடையில் பகுத்தறிவு பேசக்கூடியவர். பெண்களுக்குக் கலைமகள், சுடர்விழி என்று பெயர் வைத்தவர். நீடாமங்கலத்துக் கூட்டத்தில் கைதட்டு வாங்கிவிட்டு வந்து, மேலத்தெரு முனையில் இறங்கி, முன்பாரில் உட்கார்ந்திருக்கும் மகளையும் இறக்கிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். "ஏம்ப்பா இறங்குறோம்?" என்று கலைமகள் கேட்டபோது, "கால் மரத்துப்போச்சுடா" என்றார். வாழ்நாள் முழுக்க அவருக்கு அந்த ஒரே இடத்தில் மட்டும் கால் மரத்துப்போய்க்கொண்டிருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் கலைமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். அதை வாங்கிய முதல் நாளே அவள் ஒரு முடிவு எடுத்தாள். இறங்குவதில்லை. ஆனால் சண்டைக்கும் போவதில்லை. காலனிக்குப் பின்னால் ஒரு பாசன வாய்க்கால் ஓடுகிறது. அதன் கரையோடு போனால் மேலத்தெருவைத் தொடாமல் மெயின் ரோட்டில் ஏறிவிடலாம். சுற்று வழிதான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் நண்டு வளையும் எருமைக் குளம்படியும் நிறைந்த ஒற்றையடிப் பாதை. மழைக்காலத்தில் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்திருக்கிறாள். ஆனாலும் அந்தக் கரையில் அவள் உட்கார்ந்தபடியே போவாள். அதுதான் அவளுக்குக் கணக்கு. இப்போது நாற்பது வயதாகிறது. நீடாமங்கலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சாப்பிடாமல் வந்து காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்காகக் காலையில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறக்கிறவள் அவள்தான். இத்தனை வருஷமாகக் கரை வழிதான்.

தங்கை சுடர்விழிக்குச் சென்னையில் வேலை. ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறாள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறி ஆயிரம் விளக்கில் இறங்குவாள். முழுக்கப் பூமிக்கு அடியில் ஓடும் பாதை. அங்கேயும் போன் வேலை செய்யும் என்று தெரிந்த நாளிலிருந்து, அக்கா கரைமேல் போகிற நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிடுவாள். கலைமகள் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்ப்பாள்.

"என்னக்கா, இன்னும் சேத்துலதான் நிக்கிறியா? இங்க பாரு, ஏசி. ஸ்வெட்டர் எடுத்துட்டு வராம விட்டுட்டேன், குளுருது."

"குளுரும் குளுரும். உங்க ரயிலுக்கு வாத்து குறுக்கால வருமா?"

"வாத்தா?"

"எங்க லைன்ல அதான் சிக்னலு. இப்பக்கூட வாத்துக்காரர் ஓட்டிட்டு வந்துட்டாரு. கடைசி வாத்து தாண்டுற வரைக்கும் நான் நிக்கணும்."

சுடர்விழி சிரிப்பாள். கலைமகளும் சிரிப்பாள். போனை வைத்ததும் சிரிப்பு போய்விடும். தங்கையின் நெற்றியில் வேர்வை இல்லை. அவள் சேலை எந்தச் சங்கிலியிலும் மாட்டவில்லை. கைகள் இரண்டும் மடிமேல், ஆட்டாமல் அசைக்காமல், ஏதோ ஜமீன்தாரிணி மாதிரி. அரசாங்கம் எங்கெங்கோ கடன் வாங்கி, இயந்திரத்தை இறக்கி, பாறையைக் குடைந்து, இவள் அலுங்காமல் குலுங்காமல் போகப் பாதை போட்டிருக்கிறது. எனக்கு ஒரு வண்டி கப்பி கொட்டி இந்தக் கரையைச் சரிபண்ணிக் கொடுக்க ஆளில்லையே என்று நினைத்துக்கொண்டு, வாத்துகள் போட்டுவிட்டுப் போன எச்சத்தின் மேல் சைக்கிளை மிதிப்பாள்.

அவள் கணவர் வைரக்கண்ணு இதையெல்லாம் கவனிக்காதவர் போல இருந்துகொண்டே கவனிப்பார். மேலத்தெரு ஐயாவுவின் நிலத்தில் ஐந்து மா, அதாவது ஒன்றே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக, குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர். எழுத்து கிடையாது, வாய்க் குத்தகை. ஐயாவு முகம் சுளித்தால் அந்தப் போகத்தோடு முடிந்தது.

"உன் தங்கச்சி பூமிக்குள்ள போறா, நீ சேத்துக்குள்ள போற. ரெண்டு பேரும் தரைக்கு மேல வர்றதா உத்தேசமே இல்லையா?" என்பார்.

"நீங்க தரை மேலதான் போறீங்க, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு" என்பாள் கலைமகள். அவர் மாட்டுக்கு வைக்கோல் போடப் போவார்.

பொறாமைப்படாதே, அது கெட்ட குணம் என்று ஊர் ஊராகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். சொல்லிவைத்தவர்கள் யார் என்று பாருங்கள். யாரைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டிய அவசியமே இல்லாதவர்கள். கலைமகளின் பொறாமை ஆடம்பரத்தைப் பார்த்து வந்தது இல்லை என்பது அவளுக்கே போன மே மாதம்தான் புரிந்தது.

சுடர்விழிக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆயிற்று. கூடமாட இருக்கக் கலைமகள் சென்னைக்குப் போனாள். தங்கை எழுந்து நடமாடத் தொடங்கியதும், தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகும் சாக்கில் அந்த ரயிலில் இருவரும் ஏறினார்கள்.

நகரும் படிக்கட்டில் கலைமகள் கைப்பிடியை எருமையின் கொம்பைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டாள். கீழே போகப் போகக் குளிர் ஏறியது. தரை துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. ரயில் வந்தது, கதவு தானாகத் திறந்தது, உட்கார இடமும் கிடைத்தது. உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. பொறாமையில்தான். நேரில் பார்த்தால் பொறாமை தணியும் என்பார்கள். அவளுக்கு வீடியோவில் பார்த்ததைவிடப் பத்து மடங்கு எரிந்தது.

சுடர்விழி ஊர் சுற்றிக் காட்டுகிற குஷியில் இருந்தாள். ஜன்னலில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அவள் கூரையைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இப்ப மண்ணடி. மேல ஃபுல்லா கடை, லாரி, நகர முடியாது. நம்ம அடியில சர்ருனு போறோம் பாரு... இப்ப ஐகோர்ட்டு. ஜட்ஜ் எல்லாம் நம்ம தலைக்கு மேல உக்காந்திருக்காங்க... அந்தாண்ட பெரிய கோயில் ஒண்ணு இருக்குக்கா, கோபுரம் எல்லாம் இருக்கு. அதுக்குப் பக்கத்துலதான் இப்பப் போறோம்."

கலைமகள் எழுந்து நின்றுவிட்டாள்.

யோசித்து எழவில்லை. கோயில் என்ற சொல் காதில் விழுந்ததும் இடுப்பு தானாகச் சீட்டைவிட்டுக் கிளம்பியது. முன்பாரிலிருந்து இறக்கிவிடப்பட்ட அந்தச் சின்னப் பெண்ணின் கால்கள் இத்தனை வருஷம் கழித்து, ஐம்பது அறுபது அடி ஆழத்தில், ஓடுகிற ரயிலில் இறங்கி நின்றன. எதிரே நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, இவள் இறங்கப்போகிறாள் என்று நினைத்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க்கா எழுந்த? நம்ம ஸ்டேஷன் வரலையே."

"சும்மா. கால் மரத்துப்போச்சு."

சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தையைச் சொன்னோம் என்று கலைமகளுக்கு உறைத்தது. சுடர்விழிக்கும் உறைத்திருக்க வேண்டும். கையை இறக்கிக்கொண்டு போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

மீதி வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கலைமகள் தங்கையைப் பார்த்தாள். அவள் எழவில்லை. கோயிலுக்கு அடியில், கோர்ட்டுக்கு அடியில், எந்தெந்தச் சாதிக்காரனுடைய வீட்டுக்கும் கடைக்கும் அடியில், தினமும் இப்படியே காலை நீட்டி உட்கார்ந்து போகிறாள். யாரும் அவளை எட்டிப் பார்ப்பதில்லை. எந்தத் தெருவும் அவளுக்குக் குறுக்கே வருவதில்லை. ஏசி கிடக்கட்டும், ஸ்வெட்டர் கிடக்கட்டும். உட்கார்ந்தபடியே போவதற்குத் தான் சேற்றில் விழுந்து எழ வேண்டியிருக்கிறது. இவளுக்கு அது பயணச்சீட்டோடு சேர்த்துக் கிடைக்கிறது. கலைமகளின் பொறாமை அங்கே, அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான், தனக்கு வேண்டியது இன்னது என்று பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கியது. மேலத்தெருவில் உட்கார்ந்தபடி போக வேண்டும். அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பினால் வாய்க்கால் கரையில் ஜேசிபி நின்றது. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் தூர்வாரிவிட வேண்டும் என்று அள்ளிய சேற்றையெல்லாம் கரைமேலேயே குவித்திருந்தார்கள். ஆள் ஏறுவதே பாடு, சைக்கிள் எங்கே ஏறும்? வேலைக்குப் போக மேலத்தெருவை விட்டால் வழியில்லை.

முதல் நாள் காலை தெருமுனை வரை மிதித்துப் போனாள். அங்கே கைகள் பிரேக்கைப் பிடித்தன. வயலில் வைரக்கண்ணு நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஐயாவுவின் நிலம், ஐயாவுவின் பம்ப்செட். இறங்கினாள். தள்ளிக்கொண்டு நடந்தாள். கோயில் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஐயாவு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். குரலை உயர்த்த மாட்டார்.

"வாம்மா கலை. தங்கச்சிக்கு இப்ப தேவலையா?"

"தேவலைங்க ஐயா."

"படிச்ச புள்ளைங்கன்னாலும் மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க நீங்க. இப்ப இருக்குறதுங்க எங்க இறங்குது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

அவர் திட்டியிருந்தால் கலைமகள் தாங்கியிருப்பாள். அந்தப் பாராட்டு நாள் முழுக்க உடம்பில் சொறிந்தது. ரத்தம் எடுக்கும்போது நரம்பு தவறி, ஒரு பெரியவருக்கு இரண்டாவது முறை குத்த வேண்டியதாயிற்று.

இரண்டு வாரம் அப்படியே தள்ளினாள். அந்த இரண்டு வாரமும் தங்கை போன் செய்தால் எடுக்கவில்லை. அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் சக்தி தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

போன் எடுக்காததாலேயே சுடர்விழி ஒரு சனிக்கிழமை கிளம்பி வந்துவிட்டாள். நீடாமங்கலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அன்று கலைமகளுக்கு அரைநாள் வேலை. திரும்பி வந்தவள், மேலத்தெருவின் மேற்கு முனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தங்கைக்காக நின்றாள். வரட்டும், ஆட்டோவில் ஜம்மென்று உட்கார்ந்து போகட்டும், நான் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போகிறேன் என்று நெஞ்சுக்குள் தயாராக ஒரு கரியை ஊதி வைத்திருந்தாள்.

ஆட்டோ வந்தது. தெருமுனையில் நின்றது. சுடர்விழி இறங்கினாள்.

சக்கரம் வைத்த பெட்டியையும் இறக்கிக்கொண்டாள். ஜீன்ஸும் குர்தாவும், கழுத்தில் ஹெட்போன். அக்காவைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பெட்டியை இழுத்துக்கொண்டு மேலத்தெருவில் நடக்க ஆரம்பித்தாள். ஆபரேஷன் ஆன வயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தாள். ஆட்டோக்காரர் இர்பான் ஒன்றும் புரியாமல் காலி வண்டியைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏங்க்கா இறங்கிட்டீங்க? வீட்டு வாசல் வரைக்கும்தானே பேசுனோம். ஏறுங்க, பெட்டிய வேற இழுக்குறீங்க."

"இல்லண்ணே. ஆபரேஷன் ஆயிருக்கு, நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"நடக்குறதுக்கு ஊர்ல வேற ரோடே இல்லியா? ஆபரேஷன் ஆன வயித்தோட, இந்த வெயில்லயா?"

சுடர்விழி பெட்டியை இழுத்துக்கொண்டே நடந்தாள். இர்பான் கலைமகளைப் பார்த்தார், அவள் தள்ளிக்கொண்டு வரும் சைக்கிளைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எஞ்சினை அணைக்காமல், ஹாரனை ஒரு முறை நீளமாக அழுத்திவிட்டுத் தெருவைக் கடந்துபோய் மறுமுனையில் காத்திருந்தார். நாற்காலியிலிருந்து ஐயாவுவின் குரல் வந்தது.

"பாத்தியா, மெட்ராசுக்குப் போனாலும் மறக்கல."

கலைமகளுக்கு அந்த நிமிஷம் நேர்ந்ததை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக யாரைப் பார்த்து வயிறெரிந்தாளோ அவள் தனக்கு முன்னால் குனிந்த தலையோடு நடந்துகொண்டிருக்கிறாள். பொறாமைக்குப் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போய்விட்டது. விழுந்துவிடாமல் இருக்கச் சைக்கிள் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அடுப்படியில் வெடித்தது.

"அங்க ராணி மாதிரி உக்காந்து போற. இங்க வந்ததும் உனக்கு என்னடி வந்துச்சு? உன்ன யாரு இறங்கச் சொன்னா?"

"மாமா குத்தகைக்கு எதாச்சும் ஆயிருமேன்னுதான்."

"பொய் சொல்லாத. நெலத்தப் பத்தி நெனச்சா நீ இறங்குன?"

சுடர்விழி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "சரி, பொய்தான். முனை வந்ததும் கால் தானா இறங்கிருச்சு. ரயில்ல நீ எழுந்தியே, அதே மாதிரி. அன்னிக்கு நீ எழுந்ததப் பாத்ததும் எனக்கு உசுரே போச்சுக்கா. உனக்குள்ள இருக்குற அது எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

"நீ தப்பிச்சுட்டேன்னு நெனச்சேன்."

"நானா? நீதாண்டி தப்பிச்சவ!" கோபத்தில் அக்காவை 'டி' போட்டுவிட்டாள். "உனக்கு வாய்க்கா கரையில ஓட்டத் தைரியம் இருந்துச்சு. எனக்குத் தண்ணின்னா பயம். ஸ்கூல் முடியிற வரைக்கும் தெனமும் அந்தத் தெருவுல தள்ளிக்கிட்டுப் போனவ நான். நீ கரையில பறந்து வந்து மெயின் ரோட்ல எனக்காக மணியடிச்சுக்கிட்டு நிப்ப பாரு, அப்படியே உன் சைக்கிளோட வாய்க்கால்ல தள்ளிவிடலாம்னு வரும். உன்னப் பாத்து நான் பட்ட பொறாமைலதான் இந்த ஊரே வேணாம்னு ஓடுனேன்."

வெளியே வைரக்கண்ணு துண்டை உதறும் சத்தம் கேட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை கீழே வைத்த வெங்காயத்தைக் கலைமகள் எடுத்து நறுக்கத் தொடங்கினாள். ஒருத்தி தெருவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ஒருத்தி ஊரையே விட்டுப்போய்ப் பூமிக்கு அடியில் போயிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எரிந்துகொண்டிருந்த இத்தனை வருஷமும் தெரு அப்படியே, ஒரு கல்கூட அசையாமல் கிடந்திருக்கிறது. பொறாமைப்பட வேண்டிய ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதை விட்டுவிட்டுத் தங்கையின் ரயில் சீட்டின் மேல் கண்ணை வைத்திருந்தோமே என்று நினைத்தாள். ஐயாவு என்றைக்காவது எதற்காவது எழுந்து நின்றிருப்பாரா?

திங்கட்கிழமை காலை அவள் தெருமுனையில் பிரேக் பிடிக்கவில்லை.

சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கை அப்படியே நிற்கப் பார்த்தாள். கோயில் வந்தது. பேப்பர் கீழே இறங்கியது.

"கலை! ஏம்மா, இறங்கு."

"பஞ்சர் இல்லீங்க ஐயா. நல்லா ஓடுது" என்று சொன்னாள். திமிராகச் சொல்ல நினைத்தாள். குரல் கீச்சென்று வந்தது. மணியை அடித்தாள். யாரும் குறுக்கே இல்லை, இருந்தும் மறுமுனை வரை அடித்துக்கொண்டே போனாள். மெயின் ரோட்டில் ஏறியதும் முதுகு முழுக்க நனைந்திருந்தது. உட்கார்ந்தபடியே வந்திருந்தாள்.

வேலை முடிந்து திரும்பியபோது வைரக்கண்ணுவை ஐயாவு கூப்பிட்டனுப்பியிருந்தார். அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லையாம். "குறுவைய அறுத்துக்கப்பா. அதுக்கப்புறம் நெலத்த விட்டுடு. பையன் வந்து பாத்துக்குறேங்கிறான்." பையன் அபுதாபியில் இருக்கிறான். நாற்று எது, களை எது என்று அவனுக்குத் தெரியாது.

வைரக்கண்ணு மூன்று நாள் மனைவியிடம் பேசவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அஞ்சு மா போச்சு. ஒரு மிதியில."

"கோவமா இருக்கா?"

"கோவம் நெலத்துக்கு இல்ல." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் ஆம்பள. அந்தத் தெருவுல ஓட்டிட்டுப் போவணும்னு பதினாலு வயசுலேர்ந்து நெனச்சுக்கிட்டிருக்கேன். நீ போயிட்டு வந்துட்ட. நீ வந்து நிக்கிறதப் பாக்கப் பாக்க எனக்கு எரியுது, புள்ள."

தங்கையின் பொறாமை பழைய கணக்கு. கலைமகள் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கண்ணெதிரே தன்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படும் ருசியை அறிந்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை அனுபவிக்க நேரமில்லை. "எரியட்டும், அணைச்சுடாதீங்க" என்று சொல்லி இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

அடுத்த வாரம் வைரக்கண்ணு மொபெட்டை எஞ்சின் ஓட ஓட்டிக்கொண்டு மேலத்தெருவைத் தாண்டினார். அதற்குப் பிறகு தெருவுக்குக் குறுக்கே டிராக்டர் டிரெய்லர் நின்றது. கேட்டால் ரிப்பேர் என்றார்கள். காலனியிலும் எல்லோரும் கைதட்டவில்லை. "நெலத்த வேற தொலைச்சாச்சு, இன்னும் எங்க பொழப்பையும் கெடுக்கப் போறா" என்றவர்கள் உண்டு. அவர்களும் ஏதாவதொரு நிலத்தில் வாய்க் குத்தகைக்காரர்கள்தான்.

விஷயம் பெரிதாவதற்குள் பேசித் தீர்க்க ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். இரண்டு தரப்பையும் மரத்தடியில் உட்காரவைத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, கலைமகளைப் பார்த்து மிகுந்த அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார்.

"ஏம்மா, வாய்க்கால் கரை இப்ப சரியாயிடுச்சே. மண்ணெல்லாம் சமன் பண்ணி, கப்பி போட்டு, ரோடு மாதிரி ஆயிடுச்சு. வேணும்னா ரெண்டு லைட்டும் போடச் சொல்றேன். அதுலயே போயிட்டா யாருக்கும் பிரச்சினை இல்லையே?"

இருபத்து நாலு வருஷமாக அவள் மனசுக்குள் கேட்டுக் கிடைக்காத பாதை! அவள் தெருவில் ஓட்டிய மறுமாதமே கப்பியோடும் விளக்கோடும் கையில் வைத்து நீட்டப்படுகிறது. ஒதுங்கிப் போகிறவர்களுக்கு இந்த நாட்டில் எதுவும் கிடைக்கும். பூமியைக் குடைந்துகூடப் பாதை போட்டுத் தருவார்கள். நேரே போகிறேன் என்பவர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

"கரையில வாத்து போவட்டுங்க சார்" என்றாள் கலைமகள். "எனக்குத் தார்ரோடு போதும்."

இன்று வரை அவள் மேலத்தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். டிரெய்லருக்கும் சாக்கடைக்கும் நடுவில் உள்ள சந்தில், உட்கார்ந்தபடியே. பயம் போகவில்லை. காலையில் போனில் தங்கையின் முகத்தைப் பார்த்தால், குளிரில் அலுங்காமல் உட்கார்ந்திருக்கும் அந்த முகத்தைப் பார்த்தால், வயிறு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனக்கும் பயமில்லாமல் உட்கார்ந்து போக உரிமை இருக்கிறது என்று அந்த எரிச்சல்தான் தினமும் சொல்கிறது.

ஆனால் குறுவை கதிர் வாங்கிவிட்டது. அறுவடை முடிந்ததும் வைரக்கண்ணு ஐயாவுவின் நிலத்தை விட்டு இறங்கியாக வேண்டும். சம்பாவுக்கு அவருக்கு ஒரு அடி மண் கிடையாது. மேலத்தெருவில் இனி யாரும் கொடுக்க மாட்டார்கள். நிலம் இல்லாமல் அவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்றுதான் ஊர் காத்திருக்கிறது. தோற்றால் காலனியில் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்காட்ட ஒரு கதை கிடைத்துவிடும்: அவ சைக்கிள் ஓட்டினா, அவ புருஷன் நிலம் போச்சு.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அந்தப் பக்கம் நிலம் உண்டு. நீங்கள் சிங்கப்பூரில் இருக்கலாம், சென்னையில் மெட்ரோவில் போய்க்கொண்டே இதைப் படிக்கலாம். உங்கள் தாத்தாவின் நிலத்தை யார் உழுகிறார்கள் என்றுகூட உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அநியாயம் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்றைக்கே ஊருக்குப் போன் செய்து விசாரியுங்கள். நீடாமங்கலம் பக்கத்தில் உங்களுக்கு ஐந்து மா இருந்தால், அதை வைரக்கண்ணுவுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள். இனாமாக வேண்டாம், நெல்லாகவோ பணமாகவோ அவர் அளந்துவிடுவார். வாய்ப்பேச்சாகக் கொடுக்காதீர்கள், எழுதிப் பதிவு செய்து கொடுங்கள். சம்பா நாற்று விடுவதற்குள் கொடுங்கள்.